ஸ்லைடிங் ஜன்னல் ஷட்டர் மாற்றுவது: சேலத்து வெயிலுக்கும் ஏற்காட்டு மழைக்கும் ஒரு வழிகாட்டி

ஜன்னல் இழுக்க வரவில்லை என்றதும் பலர் அலுமினியக் கடைக்குப் போய் முதலில் கேட்பது, "புது ஷட்டர் சதுர அடி என்ன விலை?" என்பதுதான். கடைக்காரரும் விலை சொல்வார். அது அவர் தொழில். ஆனால் ஷட்டர், அதாவது கண்ணாடி பதித்த நகரும் சட்டம், தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். பெரும்பாலும் கெடுவது அதற்குக் கீழே இருப்பவை: வீல், அது ஓடும் டிராக், தண்ணீர் வெளியேறும் துளை. இவற்றைக் கவனிக்காமல் ஷட்டரை மட்டும் மாற்றினால், புதியதும் ஓரிரு மழைக்காலத்துக்குள் பழையதைப் போலவே முரண்டு பிடிக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் கீழ் டிராக்கைப் பற்றிய பேச்சு சற்று அதிகமாகவே இருக்கும்.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்

கண்ணாடியின் நடுவில் கை வைத்துத் தள்ளாதீர்கள். பக்கச் சட்டத்தைக் கீழ்ப்பாதியில் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இடறினால், அங்கே டிராக் நசுங்கியிருக்கிறது அல்லது வீடு கட்டிய காலத்துச் சிமென்ட் துணுக்கு ஒட்டியிருக்கிறது. வழி நெடுகக் கனமாக வந்தால் வீல் தேய்ந்திருக்கிறது. மூடிய பிறகு பக்கவாட்டில் தெரியும் சந்து மேலே ஒரு நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு), கீழே மூன்று நூல் என்று ஏறியிறங்கினால், இரண்டு வீல்களில் ஒன்று உட்கார்ந்துவிட்டது. காற்றடிக்கும்போது கடகடவென்று ஆடினால், ஓரங்களில் செருகியிருக்கும் பிரஷ் பட்டை தேய்ந்துவிட்டது. இவற்றில் எதற்குமே புது ஷட்டர் தேவையில்லை. வீல், பிரஷ், ரப்பர் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். டிராக்கின் முகடு தேய்ந்திருந்தால் அதன்மேல் மாட்டும் எவர்சில்வர் பட்டையும் உண்டு. கடையில் கேட்டுப் பாருங்கள்.

கொஞ்சம் கவலைப்பட வேண்டிய அறிகுறி ஒன்று இருக்கிறது. ஷட்டர் இரண்டு ஓரங்களிலும் சுலபமாக நகர்ந்து, நடுவில் மட்டும் மேற்புறம் இறுகினால், மேல் டிராக் தொய்ந்திருக்கலாம். மேல் டிராக்கின் அடிப்பக்கத்தில் இரு முனைகளிலும் ஒரே கனமுள்ள சிறு கட்டைகளை வைத்து, அவற்றுக்குக் கீழே ஒரு நூல்கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் நூலுக்கும் டிராக்குக்கும் உள்ள இடைவெளி கட்டையின் கனத்தைவிடக் குறைந்திருந்தால், மேலேயுள்ள லிண்டலோ (ஜன்னலின் தலைமேல் போடும் கான்கிரீட் உத்தரம்) பூச்சோ ஃபிரேமை அழுத்துகிறது. அப்போது அழைக்க வேண்டியது கொத்தனாரையோ பொறியாளரையோதான். அலுமினியக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

சேலத்துக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓடும் தெருக்களில் பஞ்சுத் தூசி வீல் அச்சில் நூலாகச் சுற்றிக்கொள்ளும். வெளியே தெரியாது. ஷட்டரைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால், வீல் சுற்றுவதே இல்லை, வெறுமனே உரசிக்கொண்டு போகிறது என்பது புரியும். ஒரு பிளேடும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும், சரியாகிவிடும்.

உண்மையிலேயே ஷட்டரை மாற்ற வேண்டிய நிலை எது? மூலை இணைப்பில் ஸ்க்ரூ பிடிக்காமல் சட்டம் பிரிகிறது, அலுமினியத்தில் வெள்ளை மாவு போல அரிப்பு பூத்துக் குழி விழுந்திருக்கிறது, சட்டம் வளைந்துவிட்டது, பூட்டு மாட்டும் இடம் கிழிந்துவிட்டது. இவற்றில் ஒன்று இருந்தால் மேலே படியுங்கள்.

ஷட்டரைக் கழற்றும் விதம்

இதை இருவர் சேர்ந்து செய்ய வேண்டும். 1 சதுர மீட்டர் கண்ணாடி, 1 மி.மீ. கனத்துக்கு 2.5 கிலோ எடை இருக்கும். 4 அடி உயரம், 2 அடி அகலமுள்ள ஷட்டரில் 5 மி.மீ. கண்ணாடி போட்டிருந்தால் கண்ணாடி மட்டுமே 9 கிலோவைத் தாண்டும். விரிசல் விட்டிருந்தால் இரு பக்கமும் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டி, தடித்த கையுறை போட்டுக்கொண்ட பிறகே தொடுங்கள்.

உட்பக்க ஷட்டரைத்தான் முதலில் எடுக்க வேண்டும். மேல் டிராக்குக்குள் ஷட்டர் தூக்காமல் இருக்க ஒரு சிறு பிளாஸ்டிக் கட்டை திருகியிருப்பார்கள்; சில ஜன்னல்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இருந்தால் அதைக் கழற்றுங்கள். ஷட்டரின் அடி ஓரத்தில் வீலை ஏற்றி இறக்கும் ஸ்க்ரூ இருந்தால், வீல் உள்ளே போகும்படி அதைத் திருப்புங்கள். பிறகு ஷட்டரை நடுவுக்குக் கொண்டுவந்து நேராக மேலே தூக்கி, அடிப்பக்கத்தை உங்களை நோக்கி இழுத்தால் வந்துவிடும்.

வராது என்றால் கிரில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் பல வீடுகளில் கிரில் ஜன்னலுக்கு உட்பக்கம் பதித்திருப்பார்கள். அப்படியானால் ஷட்டரை வீட்டுக்குள் எடுக்கவே முடியாது. வெளியே நின்றுதான் கழற்ற வேண்டும். தரைத்தளத்தில் ஏணி போதும். மாடி என்றால் சாரம் கட்டும் செலவு வரும். ஷட்டர் விலையைக் கேட்பதற்கு முன்பே இந்தச் செலவைக் கணக்கில் சேருங்கள். வேலையாளிடம் தொலைபேசியில் பேசும்போதே "கிரில் உள்பக்கம், இரண்டாவது மாடி" என்று சொல்லிவிட்டால், வந்து பார்த்துத் தலையைச் சொறியும் நேரம் மிச்சமாகும்.

அலுமினியமா, யூ.பி.வி.சி.யா?

ஃபிரேம் நன்றாக இருந்து ஷட்டரை மட்டும் மாற்றுவதென்றால் இந்தக் கேள்வியே எழாது. அலுமினிய ஃபிரேமுக்கு அலுமினிய ஷட்டர்தான். அதிலும் பழைய செக்‌ஷன் (சட்டம் செய்யும் அலுமினியக் குழல்) முக்கால் இஞ்சா, ஒரு இஞ்சா என்று பார்த்து அதே வகையில்தான் செய்ய வேண்டும். யூ.பி.வி.சி. (கெட்டியான பிளாஸ்டிக்) என்றால் எந்த நிறுவனத்தின் புரொஃபைல் (சட்டத்தின் குறுக்குவெட்டு வடிவம்) என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றின் ஷட்டர் மற்றொன்றின் டிராக்கில் பொதுவாக உட்காராது. பழைய பில் இருந்தால் தேடி எடுங்கள். இல்லையென்றால் கழற்றிய ஷட்டரின் மூலைத்துண்டு ஒன்றையோ தெளிவான புகைப்படத்தையோ கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஃபிரேமோடு சேர்த்து மாற்றுகிறவர்களுக்கு என் கருத்து இது. அலுமினியத்தில் சட்டம் மெலிதாக இருக்கும், கண்ணாடிப் பரப்பு அதிகம் கிடைக்கும், பழுது பார்க்க எந்த ஊரிலும் ஆள் கிடைக்கும். ஆனால் வெயிலில் சுடும், சத்தத்தையும் அதிகம் தடுக்காது. யூ.பி.வி.சி. சட்டம் வழியாகச் சூடு அவ்வளவாகக் கடக்காது, அரிப்பும் கிடையாது. அதற்கு வேறு குணம் உண்டு: வெப்பத்தில் அதிகம் நீளும். ஒன்றரை மீட்டர் நீளச் சட்டம் 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 3 மி.மீ. நீளும், அதே நீள அலுமினியம் 1 மி.மீ. அளவே நீளும். காலையில் சுலபமாக மூடிய ஜன்னல், ஏப்ரல் மாத மதியத்தில் மேற்கு வெயிலில் இறுகுவதற்கு இது ஒரு காரணம். அதனால் சுவருக்கும் யூ.பி.வி.சி. ஃபிரேமுக்கும் நடுவே சுற்றிலும் 5 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, அதை ஃபோமால் நிரப்பி, வெளியே சிலிக்கான் போட வேண்டும். சிமென்டை வைத்து இறுக்கி அடைக்கக் கூடாது. உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். வெட்டிய முனையைக் காட்டச் சொன்னால் இரும்பு கண்ணுக்கே தெரியும்.

இடையில் ஒரு செய்தி. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டியெடுத்த பாக்சைட் மேட்டூருக்குப் போய் அலுமினியமாக உருகிய காலம் ஒன்று இருந்தது. இன்று ஏற்காட்டு வீட்டுக்கு அலுமினிய ஜன்னல் கீழிருந்து மலையேறிப் போகிறது.

அலுமினியத்தில் பார்க்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று, செக்‌ஷனின் கனம். கட்டை விரலால் சட்டத்தின் நடுவை அழுத்தினால் உள்வாங்கும் தகடு வேண்டாம். இரண்டு, பவுடர் கோட்டிங், அதாவது தூள் வண்ணத்தைச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைத்த பூச்சு. வெட்டிய பிறகு மூலைகளில் பெயின்ட் தொட்டு மறைத்திருந்தால் அங்கே சீக்கிரம் உரியும்.

எத்தனை டிராக், எந்த வலை

இரண்டு டிராக் ஜன்னலில் எப்படித் திறந்தாலும் பாதி மூடியேதான் இருக்கும். சேலத்துக் கோடையில் இந்தப் பாதி பெரிய விஷயம். மூன்று டிராக்கில் மூன்று கண்ணாடி ஷட்டர் போட்டால் மூன்றில் இரண்டு பங்கு திறக்கும். ஆனால் அப்போது கொசுவலைக்கு இடமில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு கண்ணாடி, ஒரு வலை என்ற ஏற்பாடே பொருந்தும். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. மாலையில் மட்டும் ஜன்னலை மூடி அதைத் தடுக்க முடியாது.

வலை ஷட்டர் வைத்தும் கொசு வருகிறது என்று புலம்புகிறவர்கள் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். கண்ணாடி ஷட்டரை அரைகுறையாகத் திறந்து வைத்தால், அதன் நடுச்சட்டமும் வலையின் நடுச்சட்டமும் ஒன்றன்மேல் ஒன்று வராது. இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருக்கும். கண்ணாடியை முழுவதுமாக ஒரு பக்கம் தள்ளினால்தான் அந்தச் சந்து அடைபடும்.

வலையில் ஃபைபர், எவர்சில்வர் என்று இரண்டு வகை அதிகம் கிடைக்கும். ஃபைபர் மலிவு, அணிலும் எலியும் சீக்கிரம் ஓட்டை போட்டுவிடும். கூடுதல் பணம் கொடுத்து 304 தர எவர்சில்வர் வலை வாங்குங்கள். உருக்காலை இருக்கும் ஊர்க்காரர்களுக்கு எவர்சில்வரின் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

ஏற்காட்டில் இன்னொரு விருந்தாளி உண்டு: குரங்கு. ஸ்லைடிங் ஷட்டரைப் பக்கவாட்டில் தள்ளினால் திறக்கும் என்பதை அது வெகு சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. அழுத்தினால் விடுபடும் சாதாரணப் பூட்டு போதாது. கொக்கி உள்ளே விழுந்து பிடிக்கும் பூட்டாக இருக்க வேண்டும், கிரிலும் இருக்க வேண்டும். சமையலறை ஜன்னலில் வலையை மட்டும் நம்பிக் கண்ணாடியைத் திறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு யோசனை: மழைக்காற்று நேராக வந்து மோதும் பக்கத்துக்கு ஸ்லைடிங்கே வேண்டாம். ஸ்லைடிங் ஷட்டர் நகர வேண்டுமென்றால் சந்து இருந்தே ஆக வேண்டும். பிரஷ் பட்டை அந்தச் சந்தை மறைக்குமே தவிர, முழுவதுமாக அடைக்காது. வெளிப்புறம் திறக்கும் கீல் வைத்த ஜன்னல் ரப்பரில் அழுந்தி மூடும். சாரலும் குளிரும் அவ்வளவாக நுழையாது. வராந்தா பக்கத்துக்கும் சன்ஷேடு நன்றாக நீண்ட பக்கத்துக்கும் ஸ்லைடிங் வையுங்கள்.

கண்ணாடி

சின்ன ஷட்டருக்கு 4 மி.மீ. போதும், படுக்கையறை அளவுக்கு 5 மி.மீ. வேண்டும். தரையிலிருந்து தாழ்வாகத் தொடங்கும் ஜன்னலுக்கும் மாடிப்படித் திருப்பத்து ஜன்னலுக்கும் டஃபன்டு (சூட்டில் பதப்படுத்திய) கண்ணாடி போடுங்கள். உடைந்தால் கத்தி போலச் சிதறாமல் சிறு துணுக்குகளாக உதிரும். அதன் மூலையில் ஐ.எஸ். 2553 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பதப்படுத்திய பிறகு ஒரு நூல்கூட வெட்ட முடியாது. ஆகவே அளவு உறுதியான பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும்.

மேற்கு வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டால் அறை குளிரும் என்று நம்புகிறார்கள். அந்தக் கண்ணாடி வெயிலை உறிஞ்சித் தானே சூடாகி, அதில் ஒரு பங்கை அறைக்குள்ளும் விடும். அதற்குச் செலவிடும் காசை வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டிக்கோ நீண்ட சன்ஷேடுக்கோ கொடுப்பதே நல்லது. வெயிலைக் கண்ணாடியைத் தொடுவதற்கு முன் நிறுத்த வேண்டும்.

அளவெடுப்பது

அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடங்களிலும் எடுங்கள். மூன்றில் சிறியதுதான் உங்கள் அளவு. பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டுக்கும் 2 நூலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபிரேம் கோணலாக இருக்கிறது. ஷட்டரை எவ்வளவு திருத்தமாகச் செய்தாலும் ஒரு பக்கம் சந்து தெரியும். கீழ் டிராக்கின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

ஷட்டரின் உயரம்தான் நுட்பமான இடம். கீழ் டிராக்கின் முகட்டிலிருந்து மேல் டிராக் குழியின் உள்உச்சி வரை அளக்க வேண்டும். ஷட்டர் அதைவிடக் குறைவாக இருந்தால்தான் தூக்கி மாட்ட முடியும். மிகவும் குறைந்துவிட்டால் பலத்த காற்றில் தடம் விட்டு வெளியே விழும். பழைய ஷட்டர் ஒழுங்காக ஓடியிருந்தால் அதன் உயரத்தையே கொடுத்துவிடுங்கள். கணக்குப் போட்டுப் புது அளவு கண்டுபிடிப்பதைவிட அது பத்திரம்.

நம் ஊரில் கடைக்காரர் இஞ்சு, நூல் என்று பேசுவார். கண்ணாடி வெட்டுபவர் மி.மீ. கேட்பார். ஒரு இஞ்சுக்கு 8 நூல், ஒரு நூல் 3 மி.மீ.க்குச் சற்று அதிகம். தாளில் இரண்டையும் எழுதி, ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு எண் கொடுத்து, படம் வரைந்து, எந்தப் பக்கம் தெரு, எந்தப் பக்கம் அறை என்று குறித்துக் கொடுங்கள். கடைக்காரர் தானே வந்து அளவெடுத்தால் இன்னும் நல்லது. அளவு தப்பினால் பொறுப்பு அவருடையது.

விலை பேசும்போது

சதுர அடி விலைக்குள் என்னென்ன அடங்கும் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்: கண்ணாடி, வலை, பூட்டு, வீல், சிலிக்கான், பழையதைக் கழற்றும் கூலி, வண்டி வாடகை. கண்ணாடியின் அளவை அடுத்த சில அங்குலத்துக்கு ஏற்றிக் கணக்கிடும் வழக்கம் உண்டு; எப்படி ஏற்றுகிறார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இரட்டை வீல் போடச் சொல்லுங்கள், பழைய வீலையே மாட்டிக் கொடுக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு வண்டிச் செலவு தனிக் கதை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணாடி உடையாமல் வர வேண்டும். கண்ணாடியைப் படுக்கவைத்து ஏற்றக் கூடாது, சாய்மானச் சட்டத்தில் நிறுத்திக் கட்ட வேண்டும். வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் பேசி முடியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் வசதி.

மாட்டும் நாளில்

சுவர்ப் பூச்சும் வெள்ளையடிப்பும் மீதம் இருந்தால் முதலில் அவற்றை முடியுங்கள். ஈரச் சிமென்டும் சுண்ணாம்பும் அலுமினியத்தில் பட்டால் கறை போகாது.

பழைய ஷட்டரை எடுத்ததும் வேலையாளைப் புதியதை மாட்ட விடாதீர்கள். பத்து நிமிடம் கேட்டு வாங்கி, டிராக்கை முழுவதுமாகச் சுத்தம் செய்யுங்கள். குழாயைக் கொண்டு கழுவ வேண்டாம்; முதலில் உலர்ந்த பிரஷ், பிறகு ஈரத்துணி. டிராக்கின் வெளிப்பக்கச் சுவரில் அடியோடு ஒட்டி நீளவாட்டில் சிறு துளைகள் இருக்கும். மழைத்தண்ணீர் வெளியேறும் வழி அதுதான். ஒரு மெல்லிய கம்பியை விட்டு அடைப்பை எடுங்கள்.

இந்தத் துளையைப் பார்த்ததும் சில வேலையாட்களுக்குக் கை சும்மா இருக்காது. "இதன் வழியாக எறும்பு வரும் அக்கா, அடைத்துவிடுகிறேன்" என்று சிலிக்கான் குழாயை எடுப்பார்கள். "வேண்டாம் தம்பி, அதைத் தொடாதே" என்று சொல்லிவிடுங்கள். துளை அடைபட்டால் டிராக் தொட்டியாகிவிடும். காற்று வீசும்போது தண்ணீர் உள்பக்கம் வழிந்து, ஜன்னலுக்குக் கீழே பெயின்ட் உப்பும். "சுவரில் ஓதம் ஏறுகிறது" என்று வேறெங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஏற்காட்டில் மழையே இல்லாத மார்கழிக் காலையிலும் கண்ணாடியின் உட்புறம் பனித்து வழியும் நீர் இந்த டிராக்கில்தான் வந்து சேரும்.

ஷட்டரை மாட்டிய பிறகு வீல் ஸ்க்ரூவைத் திருகி, பக்கத்துச் சந்து மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக வரும்வரை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். தூக்கல் தடுக்கும் கட்டையை மறுபடி பொருத்தினாரா என்று பாருங்கள். பலர் இதை மறந்து பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். ஃபிரேமைச் சுற்றிப் பூசும் சிலிக்கானில் வினிகரின் புளிப்பு வாடை அடித்தால் நிறுத்துங்கள். அந்த வகை உலோகத்தையும் சிமென்டையும் அரிக்கும். நியூட்ரல் வகைதான் வேண்டும்.

கூலி கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. ஒரு குவளைத் தண்ணீரைக் கீழ் டிராக்கில் மெதுவாக ஊற்றி, வெளியே எட்டிப் பாருங்கள். தண்ணீர் வெளிச்சுவர் பக்கம் சொட்ட வேண்டும். உள்ளே வந்தாலோ தேங்கி நின்றாலோ வேலை முடியவில்லை.

சட்டத்தின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை அன்றே உரித்துவிடுங்கள். புதியதாகவே இருக்கட்டும் என்று விட்டு வைத்தால், நம் வெயிலில் அது சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு பிறகு நகத்தால் சுரண்டினாலும் வராது.

அதன் பிறகு பராமரிப்பு பெரிதாக இல்லை. மாதம் ஒரு முறை டிராக்கைத் துடையுங்கள். இறுகினால் சிலிக்கான் ஸ்ப்ரே கொஞ்சம் அடிக்கலாம். தேங்காய் எண்ணெயும் தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம். முதல் வாரம் வழவழவென்று ஓடும், அடுத்த மாதம் தூசி சேர்ந்து பசையாகிவிடும்.

பழைய ஷட்டரை வேலையாள் "நானே எடுத்துப் போய்விடுகிறேன்" என்று தாராளமாகச் சொல்வார். அலுமினியத்துக்குக் காயலான் கடையில் கிலோ கணக்கில் நல்ல விலை உண்டு. கண்ணாடியையும் ரப்பரையும் பிரித்துவிட்டு எடை போடுங்கள், அல்லது அந்த மதிப்பைக் கூலியில் கழித்துக்கொள்ளுங்கள். டஃபன்டு அல்லாத சாதாரணக் கண்ணாடி முழுசாக இருந்தால் அதையும் எறிய வேண்டாம். சிறிதாக வெட்டினால் குளியலறை வென்டிலேட்டருக்கு ஆகும்.